மலை ரோட்டில் சைக்கிளும் தானே ஓடும் காரும்: எல்லநள்ளிக்குக் குடிவருகிறவருக்கு

நீங்கள் கேட்டது இது. கோவையிலிருந்து மாற்றலாகிக் குன்னூருக்கு வேலைக்கு வருகிறீர்கள், வீடு ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே எல்லநள்ளிப் பக்கம் பார்த்திருக்கிறீர்கள். தினமும் எலெக்ட்ரிக் சைக்கிளில் போய் வர முடியுமா, மலையில் யாரும் சைக்கிளில் வேலைக்குப் போய்ப் பார்த்ததில்லையே, ஊர்க்காரர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு கேள்வி. "இன்னும் பத்து வருஷத்தில் கார் தானே ஓடும், அதுவரை பொறு" என்று நண்பர் சொல்கிறாரே, அது உண்மையா என்று இன்னொரு கேள்வி.

முதல் கேள்விக்குப் பதில், முடியும். நான் எல்லநள்ளிக்குக் கொஞ்சம் கீழே குடியிருக்கிறேன், குன்னூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பிரிவில் பாடம் எடுக்கிறேன், இரண்டரை வருடமாக வாரத்தில் மூன்று நான்கு நாள் எலெக்ட்ரிக் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்தவர், குன்னூர் மேட்டுப்பாளையம் தடத்தில் 26 வருடம் ஓட்டினார். அதனால் நீங்கள் கேட்ட இரண்டுமே எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் அடிபடுகிற பேச்சுதான்.

முதலில் கணக்கு. ஊட்டி ரயில் நிலையம் 2,203 மீட்டர் உயரம், குன்னூர் நிலையம் 1,711 மீட்டர். நீங்களும் சைக்கிளும் பையும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்தால், அந்த 490 மீட்டரை ஏறுவதற்கு மட்டும் கிட்டத்தட்ட 135 வாட் அவர் (watt-hour, ஆயிரம் சேர்ந்தால் ஒரு யூனிட் கரண்ட்) தேவை. மோட்டார் சூட்டில் போவது, டயர் உராய்வு, எதிர்க்காற்று எல்லாம் சேர்த்து 200 என்று தாராளமாகவே வையுங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற 36 வோல்ட், 10 ஆம்பியர் அவர் பேட்டரியில் 360 இருக்கிறது. அதிலும் நீங்கள் ஊட்டிவரை ஏறப்போவதில்லை, எல்லநள்ளியோடு நின்றுவிடும். ஆக, ஒரு சார்ஜில் போய் வந்து மிச்சமும் இருக்கும். மிதிக்கவும் செய்தால் இன்னும் மிச்சம். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுவது வேறு கதை, அது 1,385 மீட்டர், உயரத்துக்கு மட்டுமே 380 வாட் அவர் கேட்கும், அந்தப் பேட்டரி பாதி வழிக்கு மேல் எங்கேயாவது கைவிட்டுவிடும். கோவைக்கு வாரக் கடைசியில் சைக்கிளிலேயே போய் வரலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

வேகம் பற்றியும் சொல்கிறேன். 250 வாட்டுக்குள் மோட்டார், 25 கி.மீ.க்கு மேல் போகாத வேகம் என்றால்தான் பதிவெண்ணும் லைசென்ஸும் வேண்டாம். அந்த மோட்டார் நல்ல மேட்டில், அதாவது 100 அடிக்கு 8 அடி ஏறுகிற இடத்தில், உங்களை மணிக்கு 10, 12 கி.மீ. வேகத்தில்தான் ஏற்றும். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் உள்ள மலிவான வண்டி நீண்ட ஏற்றத்தில் மெதுவாகச் சுற்றும்போது சூடேறி நின்றுவிடுகிறது, என் முதல் வண்டி அருவங்காட்டுக்கு மேலே இரண்டு முறை அப்படி நின்றது. பெடல் அச்சில் மோட்டார் இருக்கிற வண்டி விலை கூட, ஆனால் அது கியரைப் பயன்படுத்திக்கொள்ளும், மலைக்கு அதுதான். பிரேக் இரண்டும் டிஸ்க்காக இருக்கட்டும். ஏறுவதை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், உண்மையில் கவனிக்க வேண்டியது இறக்கம்: காலையில் குளிரில் விரல் மரத்துப்போய் பிரேக் லீவர் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போகும், டிசம்பர் ஜனவரியில் கையுறை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

சரி, ஊர்க்காரர்கள்.

முதல் மாதம் முழுக்க என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி "என்ன டீச்சர், வண்டி ரிப்பேரா?" என்பதுதான். தெரிந்தவர்கள் காரை நிறுத்தி ஏறச் சொன்னார்கள், சைக்கிளை டிக்கியில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கேலி இல்லை அது, நிஜமான அக்கறை. இங்கே சைக்கிள் ஒரு காலத்திலும் போக்குவரத்தாக இருந்ததில்லை, அதைப் புரிந்துகொள்ளுங்கள். கீழே, காரமடையிலோ சிறுமுகையிலோ, அப்பா சைக்கிள், அண்ணன் சைக்கிள் என்று வீட்டுக்கொரு வண்டி இருந்த காலம் உண்டு. மலையில் நடை, அப்புறம் ரயில், அப்புறம் பஸ், அப்புறம் ஜீப், நடுவில் சைக்கிள் வரவேயில்லை. பள்ளியில் கொடுக்கும் விலையில்லா சைக்கிள் எங்கள் வீட்டுக்கும் வந்தது, அண்ணன் மகள் அதில் விளையாட்டு மைதானத்தைச் சுற்றினாள், பள்ளிக்குப் பஸ்ஸில்தான் போனாள். வேறு எப்படிப் போவாள், கியர் இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு ஹட்டியிலிருந்து, அதாவது எங்கள் மலைக் கிராமத்திலிருந்து, மெயின் ரோட்டுக்கு ஏறுவதற்குள் முதல் பீரியட் முடிந்துவிடும்.

இன்னொரு பக்கம், சைக்கிளை வெளியூர்க்காரர்களின் விளையாட்டாகவே எங்கள் ஆட்கள் பார்த்துப் பழகிவிட்டார்கள். டூர் ஆஃப் நீல்கிரிஸ் என்ற நெடுந்தூரச் சைக்கிள் பயணம் 2008இல் தொடங்கியது, மசினகுடியிலிருந்து கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் அவர்கள் மூச்சு வாங்க ஏறுவதை நின்று கைதட்டிப் பார்த்தவர்கள் நிறையப் பேர். கைதட்டியவர் யாரும் மறுநாள் சைக்கிள் வாங்கவில்லை. உடம்பு வலுவான ஒருவர் ஜெர்சி போட்டுக்கொண்டு செய்கிற காரியம் அது, காய்கறிப் பையோடு வீட்டுக்கு வருகிற காரியம் இல்லை என்றே பட்டிருக்கிறது.

மனசு எப்படி மாறும் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்குப் புதுக்கோட்டைச் சித்தி ஞாபகம்தான் வரும். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த சமயம், எழுத்துப் படிப்போடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள், ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். சித்தியும் அதில் ஒருத்தி. முதலில் ஊர் பேசாத பேச்சு இல்லையாம். மூன்று மாதத்தில் பேச்சு நின்றுவிட்டது என்பாள், ஏனென்றால் பேசினவர்கள் வீட்டுக்கும் தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து இறக்கியது அந்தச் சைக்கிள்தான். காரியம் ஆவதைக் கண்ணால் பார்த்தார்கள், மனசு மாறியது, யாரும் பிரசங்கம் செய்யவில்லை.

இங்கேயும் அதே கதைதான், சின்ன அளவில். என்னைப் பார்த்து ரிப்பேரா என்று கேட்டவர்களில் இரண்டு பேர் இப்போது பேட்டரி சைக்கிள் வைத்திருக்கிறார்கள், ஒருவர் டீத்தூள் பாக்கெட் கடைகளுக்குப் போடுகிறவர். நான் வழியில் நிற்கிற டீக்கடை அண்ணன், போன வருடம் மழையில் நான் நனைந்துபோய் ஒதுங்கியபோது, அடுப்புக்குப் பின்னாலிருந்த பிளக் பாயிண்ட்டை அவராகவே காட்டி "சார்ஜ் போட்டுக்கங்க டீச்சர்" என்றார். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான், ஒரு தடவை சார்ஜ் போட எவ்வளவு கரண்ட் ஆகும்? அரை யூனிட்கூட ஆகாது என்றேன். பெட்ரோல் ஸ்கூட்டரை ஒரு பார்வை பார்த்தார்.

மாற்றத்துக்கு வேறு இரண்டு காரணங்களையும் சொல்லியாக வேண்டும், இரண்டுமே சைக்கிளோடு சம்பந்தம் இல்லாதவை. ஒன்று பஸ். கீழே 2021 மே மாதமே பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் வந்துவிட்டது, மலைக்கு வரவில்லை, ஏனென்றால் எங்கள் பஸ்களுக்குத் தனிக் கட்டணம், தனி வகை. 2024இல்தான் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறைக்கும் விடியல் பயணம் என்ற அந்தத் திட்டம் நீட்டிக்கப்பட்டது. அதற்கப்புறம் தோட்ட வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற பெண்கள் ஷேர் ஜீப்பை விட்டுப் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள், என் தெருவில் கண்ணால் பார்க்கிறேன். இன்னொன்று இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7ஆம் தேதி முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம் ஆனது. சீசனில் ஒரு நாளைக்கு 20,000 வண்டிகள் நீலகிரிக்குள் வருகின்றன என்று கோர்ட்டில் கணக்குச் சொன்னார்கள். 2025 சீசனுக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 என்று உச்ச வரம்பே வைத்தார்கள். வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள், அவர்கள் பிழைப்பு அது, தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் மே மாதத்தில் வெலிங்டனிலிருந்து குன்னூர் பஸ் ஸ்டாண்டு போக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்கள், ரோடு கொஞ்சம் மூச்சுவிட்டால் எப்படி இருக்கும் என்பதை முதல் தடவையாகப் பார்த்தார்கள். கார் வைத்திருப்பதே பெருமை என்றிருந்த பேச்சு "இந்த ரோடு எத்தனை காரைத் தாங்கும்" என்று திரும்பியது அப்போதுதான். அந்தப் பேச்சில்தான் என் சைக்கிளுக்கும் ஒரு இடம் கிடைத்தது.

இப்போது நண்பர் சொன்ன தானே ஓடும் கார். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒருநாள் "செல்ஃப் டிரைவிங் கார் வந்தால் ஏறுவீர்களா" என்று கேட்டேன். "அதான் வருதே, அதுதான் எல்லா வளைவிலயும் போய் முட்டிட்டு நிக்குது" என்றார். வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டி வருகிற காரைச் சொல்கிறார், இங்கே அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம். மலை பழகாதவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும், மெஷினுக்கும் மலை பழகியிருக்க வேண்டுமே என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

அந்தத் தொழில்நுட்பத்தைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. 2004இல் அமெரிக்கப் பாலைவனத்தில் தானோட்டி வண்டிகளுக்கு 240 கி.மீ. பந்தயம் வைத்தார்கள், ஒரு வண்டிகூட 12 கி.மீ. தாண்டவில்லை. 2020இல் பீனிக்ஸ் நகரத்தில் வேமோ நிறுவனம் டிரைவரே இல்லாத டாக்ஸியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது, இப்போது சான் பிரான்சிஸ்கோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஓடுகிறது. காயம் உண்டாக்கும் விபத்துகள் மனிதர் ஓட்டுவதைவிடக் குறைவு என்று அந்த நிறுவனம் வெளியிடும் கணக்கு காட்டுகிறது. நம் நாட்டில் 2022இல் மட்டும் சாலை விபத்தில் 1,68,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இதைப் படித்துவிட்டு மனிதர்கள்தான் ஓட்ட வேண்டும் என்று அடம்பிடிக்க எனக்கு மனசு வரவில்லை. டெல்லி மெட்ரோவின் மெஜந்தா பாதையில் 2020 டிசம்பரிலிருந்து டிரைவர் இல்லாத ரயில் ஓடுகிறது, ஏறுகிறவர்கள் பழகிக்கொண்டார்கள். தனிப் பாதை, எதிரே யாரும் வர மாட்டார்கள், அங்கே மெஷினை நம்பலாம்.

சான் பிரான்சிஸ்கோவும் மேடும் பனிமூட்டமும் உள்ள ஊர்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் அங்கே ரோட்டில் கோடு இருக்கிறது, எதிரே வருகிறவருக்குத் தனிப் பாதி இருக்கிறது. எங்கள் மலையில் ரோடு என்பது ஒரு பேச்சுவார்த்தை.

பர்லியாறுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொள்ளுங்கள், மேட்டுப்பாளையம் ரோட்டில் மொத்தம் 14 உண்டு. கீழிருந்து பஸ் வருகிறது. அது திரும்ப வேண்டுமானால் மூக்கு வெளிச்சுவர் வரை போக வேண்டும், வளைவின் முழு அகலமும் அதற்கு வேண்டும். மேலிருந்து இறங்குகிற கார் இருபது அடிக்கு முன்பே நின்றிருந்தால்தான் இது நடக்கும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் கார் நின்றுவிட்டதா, இல்லை நிற்பது போல் நகர்கிறதா என்பதைப் பஸ் டிரைவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அப்பா சொல்லிக்கொடுத்தது, "டிரைவர் முகத்தைப் பார்க்காதே, முன்சக்கரத்தைப் பார். எந்தப் பக்கம் ஒடித்திருக்கிறானோ அந்தப் பக்கம்தான் வருவான்." ஒரு நீள ஹாரன், பதிலுக்கு ஒரு குட்டை ஹாரன், ஒரு தடவை லைட் டிம், ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையைக் கீழே காட்டினால் நில், விரலை ஆட்டினால் வா. பனி இறங்கிவிட்டால் கண்டக்டர் டார்ச்சோடு இறங்கி முன்னால் நடப்பார், விசில்தான் கண். இத்தனையும் பத்து விநாடிக்குள். இதில் எதுவும் மேப்பில் இல்லை.

மெஷின் இதைக் கற்றுக்கொள்ளவே முடியாதா? கற்றுக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பார்வை சரியாக இருக்க வேண்டும். பனிமூட்டத்தில் நீர்த்துளிகள், தூரத்தை அளக்க வண்டி விடுகிற லேசர் ஒளியைச் சிதறடிக்கும், கேமராவுக்கு வெள்ளைச் சுவர்தான் தெரியும், ரேடார் ஊடுருவும், ஆனால் அதற்கு உருவம் சரியாகப் பிடிபடாது. வால்வோ நிறுவனம் ஸ்வீடனில் மான் வகைகளைப் பார்த்துப் பழக்கிய கருவி ஆஸ்திரேலியாவில் கங்காருவிடம் குழம்பியது, குதிக்கும்போது தூரத்தில், தரையில் நிற்கும்போது கிட்டத்தில் என்று மாறி மாறிக் கணக்குப் போட்டது, 2017இல் அவர்களே சொன்னது. கோத்தகிரி ரோட்டில் இரவில் திரும்பி நிற்கிற காட்டெருமையையும் மலையடிவாரக் கல்லாறில் மரத்தோடு மரமாக நிற்கிற யானையையும் அதற்கு யார் பழக்கியிருக்கிறார்கள்? ரோடே இடம் மாறுகிற ஊர் வேறு இது. 2009 நவம்பர் மண்சரிவில் 40க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், கேத்திப் பக்கமெல்லாம் முந்தின நாள் இருந்த பாதை மறுநாள் இல்லை.

சைக்கிள்காரியாக என்னை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. 2018 மார்ச்சில் அரிசோனாவில் டெம்பே என்ற ஊரில், ஊபரின் சோதனைக் கார் ஒரு பெண்மீது மோதி அவர் இறந்தார். அவர் இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்தவர். மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே கார் அவரைக் கண்டுவிட்டது என்று அந்த நாட்டு விசாரணைக் குழு சொல்லியிருக்கிறது. கண்டும், இது வண்டியா, வேறு ஏதோ பொருளா, சைக்கிளா என்று முடிவை மாற்றிக்கொண்டே இருந்தது, ஒவ்வொரு மாற்றத்திலும் கணக்கை முதலிலிருந்து போட்டது. காவலுக்கு உட்கார்ந்திருந்தவர் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெதுவாக நடக்கிற பெண் என்றால் மலையில் அது நான்தான், மேடு மிஞ்சினால் தினமும் தள்ளுகிறேன்.

அந்த வீடியோ பார்த்த ஆள்தான் எனக்குப் பெரிய பயம். முழுசாகத் தானே ஓடும் கார் இங்கே வர நாள் ஆகும். அரைகுறையாக உதவி செய்கிற கார்கள் வந்துவிட்டன, கூடவே "வண்டி பார்த்துக்கும்" என்ற நினைப்பும் வந்துவிட்டது. ஆட்டோமேட்டிக் கியர் காரை டி-யில் போட்டுவிட்டுக் குன்னூரிலிருந்து கல்லாறு வரை பிரேக்கிலேயே காலை வைத்து இறங்குகிறார்கள். 1,500 கிலோ கார் அந்த உயரத்திலிருந்து இறங்கினால் ஐந்தரை யூனிட் அளவுக்குச் சக்தி வெளியே போக வேண்டும், அதாவது ஒரு அயர்ன் பாக்ஸை ஐந்தரை மணி நேரம் எரியவிட்ட சூடு, முக்கால் மணி நேரத்துக்குள். கீழ்க் கியரில் போட்டு இன்ஜின் இழுத்துப் பிடிக்காவிட்டால் அத்தனையும் நாலு பிரேக் டிஸ்க்கில். பர்லியாறில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பாக்குமர வாசனைக்குப் பதில் பிரேக் கருகும் வாசனை வரும். எலெக்ட்ரிக் கார் என்றால் இறக்கத்தில் பேட்டரியே சார்ஜாகும், நல்லதுதான், ஆனால் ஊட்டி ஹோட்டலில் ராத்திரி முழுக்க 100 சதவீதம் ஏற்றிவிட்டுக் காலையில் இறங்கினால் நிரம்பிய குடத்தில் எங்கே ஊற்றுவது, அப்போது பிரேக் மட்டும்தான் மிச்சம். 80இல் நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்லி அனுப்புகிறேன், அவர்களில் பாதிப் பேர் சீசனில் டாக்ஸி ஓட்டுகிறவர்கள்.

அந்தப் பையன்களுக்காகவும் கேட்கிறேன். டிரைவர்களின் வேலையைப் பறிக்கும் என்று சொல்லித்தான் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017இலும் அப்புறம் 2023இலும் டிரைவர் இல்லாத காரை அனுமதிக்க மாட்டேன் என்றார். எனக்கு அந்தக் காரணம் மட்டும் போதாது, ஆனால் மலையைப் படித்த டிரைவருக்கு இருக்கிற அறிவைக் கணக்கிலேயே எடுக்காமல் வருகிற எந்தத் திட்டமும் இங்கே பலிக்காது. மெஷின் வரட்டும், பஸ்ஸில் முதலில் வரட்டும்: பிரேக் சூட்டை அளந்து எச்சரிக்கிற கருவி, வளைவுக்கு அந்தப்புறம் வண்டி வந்தால் மினுக்குகிற விளக்கு, பனியில் முன்னால் என்ன நிற்கிறது என்று டிரைவருக்குச் சொல்கிற ரேடார். ஸ்டியரிங் கையிலேயே இருக்கட்டும்.

ஆக, பத்து வருஷம் காத்திருக்காதீர்கள், சைக்கிள் வாங்குங்கள். மழை பலத்தால் பஸ், ஜூனிலிருந்து டிசம்பர் வரை பாதி நாள் அப்படித்தான் போகும், அதை உங்கள் தோல்வியாக நினைக்க வேண்டாம். ஏறும்போது பின்னால் பஸ் வந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி இடது கையால் ஒரு சைகை காட்டுங்கள், எங்கள் தடத்து டிரைவர்கள் ஒரு குட்டை ஹாரனில் பதில் சொல்வார்கள், பத்து நாளில் உங்களை அடையாளம் தெரிந்துவிடும். வந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு, வண்டிகள் ஏறி வருவதற்கு முன், எல்லநள்ளியிலிருந்து அருவங்காடு வரை மட்டும் இறங்கித் திரும்ப ஏறிப் பாருங்கள். ஏறி முடித்ததும் பேட்டரியில் எத்தனை கட்டை மிச்சம், மோட்டாரைத் தொட்டால் கை பொறுக்கிறதா, இரண்டையும் குறித்து எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.